இரண்டு பேர் ஓட்டிய கார்

போன கிழமை சண்டிலிப்பாய்ச் சந்தியில் ஒரு கார் நின்றுவிட்டது. முன்னுக்கும் பின்னுக்கும் 'எல்' பலகை மாட்டிய, பயிற்சிப் பள்ளிக்கூடத்துக் கார். ஓட்டிக்கொண்டிருந்தது ஒரு பெண்பிள்ளை. அவள் காரை எடுக்கப் பார்ப்பதும், அது ஒரு குலுக்குக் குலுக்கிவிட்டு நிற்பதுமாக இருந்தது. பின்னால் நின்ற பஸ்காரன் ஹோனில் வைத்த கையை எடுக்கவில்லை. நான் சைக்கிளை ஓரமாகப் பிடித்துக்கொண்டு நின்றேன். உதவி செய்கிற எண்ணம் ஒன்றும் இல்லை. அந்த மணம் வந்துவிட்டது, அதனால் நின்றேன்.

கிளச் கருகுகிற மணம் உங்களுக்குத் தெரியுமோ தெரியாது. இப்போது எங்கள் பக்கம் ஓடுகிற கார்களில் அரைவாசிக்குக் கிளச்சே கிடையாது. இஸ்திரிப்பெட்டியைத் துணியில் வைத்துவிட்டு மறந்துபோனால் ஒரு மணம் வருமே, அதற்குள் கொஞ்சம் ரப்பரையும் கலந்தது போல இருக்கும். ஒரு காலத்தில் நான் போட்ட சேட்டு, தலைமயிர், மத்தியானச் சோறு எல்லாவற்றிலும் அந்த மணம் இருந்தது. அப்படித்தான் என் மனைவி மனோ சொல்லுவாள்.

மணம் என்றால், அதற்கும் முந்தியது மண்ணெண்ணெய் மணம். சண்டைக்காலத்தில் பெற்றோல் இல்லாமல் யாழ்ப்பாணத்துக் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடியதை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். எஞ்சினை உயிர்ப்பிக்க மட்டும் ஒரு சொட்டுப் பெற்றோல்; பிறகு மண்ணெண்ணெய். வெள்ளைப் புகை. கலியாணம், செத்தவீடு, பிள்ளைக்குச் சோறு தீத்துகிறது, எந்த நன்மை தின்மைக்குப் போனாலும் எல்லாருடைய உடுப்பிலும் ஒரே மணம் இருந்தபடியால் அது ஒருவருக்கும் மணக்கவில்லை. எங்களுடைய கலியாணத்துக்கும் அப்படி ஒரு காரில்தான் போனோம். மாலையும் கழுத்துமாக நான் இருமிக்கொண்டு இறங்கியதை மனோவின் பக்கத்து ஆட்கள் கனகாலம் கதைத்தார்கள். மாப்பிள்ளைக்குச் சயரோகமோ என்று ஒருவர் கேட்டதாகவும் சொல்லுவார்கள்.

என் மாமனார், மனோவின் ஐயா, வட்டுக்கோட்டையில் வாடகைக் கார் ஓட்டியவர். அவரிடம் பழைய ஏ-40 கார் ஒன்று இருந்தது. கலியாணத்துக்கு வந்தது அதுவல்ல. அது அப்போது மாட்டுக்கொட்டிலில், பனையோலைக்குக் கீழே கிடந்தது. ஊரெல்லாம் இடம்பெயர்ந்துவிட்டுத் திரும்பி வந்தபோதும் அது அங்கேயே இருந்ததாம். ரயர்களை மட்டும் யாரோ கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். பின் இருக்கையில் ஒரு கோழி அடைகிடந்திருக்கிறது. சண்டை ஓய்ந்து கொழும்புக்குப் பாதை திறந்த பிறகு லொறியில் ரயர் வந்தது; கோழியை எழுப்பினார்கள்; ஐயா மெக்கானிக் ஒருவரைப் பிடித்துக் காரையும் எழுப்பினார். ஆனால் அதற்குள் அவருடைய கண்ணில் வெண்படலம் விழுந்துவிட்டது. ஆண்பிள்ளைகள் இல்லாத வீடு. அதனால் காரை மனோ ஓட்டினாள். கலியாணத்துக்கு முந்தியே ஐயா அவளுக்குப் பழக்கியிருந்தார். அவள் ஓட்டுவது பார்க்க ஒன்றுமே நடக்காதது போல இருக்கும்.

நாங்கள் அப்போது பண்டத்தரிப்பில் வாடகை வீட்டில் இருந்தோம். நான் தபால் கந்தோரில் முத்திரை குத்துகிற உத்தியோகம். வலது கை செய்ய இடது கை பார்த்துக்கொண்டிருக்கும். கால்களுக்கு வேலையே இல்லை. கை கால் நாலும் ஒரே நேரத்தில் வெவ்வேறு வேலை செய்ய வேண்டும் என்ற நிலைமை என் வாழ்க்கையில் அதுவரை வந்ததில்லை. மனோவுக்கு வயிற்றில் பிள்ளை தங்கி, வயிறு பெருத்து ஸ்ரெயறிங்கில் முட்டத் தொடங்கியபோதுதான் வந்தது. முதல் பிள்ளை வயிற்றிலேயே அழிந்துபோயிருந்தது. கடைசி நேரத்தில் வாகனம் தேடி அலையக்கூடாது என்பதில் அவள் பிடிவாதமாக இருந்தாள். நான் பழகத்தான் வேண்டும்.

பழக்குவதற்கு ஐயாவைத்தான் கேட்டேன். அவர் எனக்குப் பதில் சொல்லாமல் மகளிடம் சொன்னார்:

"நான் பழக்கினால் ஏச வேண்டி வரும். மருமோனை ஏசேலாது. நீ பழக்கு."

மனோவுக்கு அந்தத் தடை ஒன்றும் இருக்கவில்லை.

அறுவடை முடிந்து காய்ந்து கிடந்த வட்டுக்கோட்டை வயல்தான் எங்களுடைய பள்ளிக்கூடம். ஏ-40 இல் முன் இருக்கை பெஞ்சு மாதிரி ஒரே நீட்டு வாங்கு. இடையில் பிரிவு கிடையாது. கியர்த்தடி நிலத்தில் இல்லை, ஸ்ரெயறிங்கின் இடது பக்கத்தில் நீட்டிக்கொண்டிருக்கும். மனோ வயிற்றைப் பிடித்தபடி எனக்குப் பக்கத்தில் இருப்பாள். ஐயா வரம்பில் குந்தியிருப்பார். கண் தெரியாவிட்டாலும் காது நல்ல காது. நான் கியர் மாற்றும்போது பெட்டிக்குள் பல்லும் பல்லும் கடிபடுகிற சத்தம் கேட்கும். அந்த நேரம் அவர் முகத்தை மற்றப் பக்கம் திருப்புவார்.

கிளச்சில் காலை வைத்தால் கை கியரை மறந்துவிடும். கையை நினைத்தால் கால் சடாரென்று எழும்பிவிடும். கார் தவளை மாதிரிப் பாய்ந்து நிற்கும். வயலில் மேய்ந்துகொண்டிருந்த மாடுகள் முதல் இரண்டு நாளும் ஓடின, பிறகு பழகிவிட்டன. மனோ முதலில் பொறுமையாகத்தான் சொல்லித் தந்தாள். பிறகு பொறுமையில்லாமல் சொன்னாள். பிறகு ஒன்றும் சொல்லாமல் வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது. மாதம் நெருங்கியபோது எனக்கு நேரே போகத் தெரியும், திருப்பத் தெரியும், நிற்பாட்டத் தெரியும். கியர் மாற்ற மட்டும் தெரியாது. நீந்தத் தெரியும், தண்ணீருக்குள் இறங்கத்தான் தெரியாது என்பது போல.

அவளுக்குப் பிள்ளைப்பேற்றுக் குத்துத் தொடங்கியது ஒரு காலைநேரம். சொன்ன நாளுக்கு முந்தி வந்துவிட்டது. அயலில் இருந்த வான்காரர் கீரிமலைக்கு ஓட்டம் போய்விட்டார். மாதம் நெருங்கியதும் எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்து விட்டிருந்த ஏ-40 முற்றத்தில் நின்றது; நான் அதற்குப் பக்கத்தில் நின்று யார் யாரைக் கேட்கலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். மனோ பையைத் தூக்கிக்கொண்டு வந்து, பின்னுக்கு ஏறாமல் முன்னுக்கு ஏறினாள்.

"நீங்கள் காலையும் ஸ்ரெயறிங்கையும் பாருங்கோ. கியரை நான் போடுறன்."

இதை அவள் முதலே யோசித்து வைத்திருந்தாளோ, அந்த நேரத்தில்தான் தோன்றியதோ, எனக்குத் தெரியாது. நான் கிளச்சை மிதித்து "கிளச்" என்பேன். அவள் வலது கையை நீட்டிக் கியரைப் போட்டு "ஓம்" என்பாள். நான் காலை எடுப்பேன். யாழ்ப்பாணத்து ஆஸ்பத்திரிக்குப் போகிற வழி, பண்டத்தரிப்பில் இருந்து சண்டிலிப்பாய், பிறகு மானிப்பாய். இடையிடையே குத்து வரும். அப்போது அவள் கியர்த்தடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு மூச்சு விடுவாள். தடியின் நடுக்கம் ஸ்ரெயறிங் வழியாக என் கைக்கும் வரும். அந்த நேரம் கியரைக் கேட்கக்கூடாது. எந்தக் கியரில் இருக்கிறதோ அதிலேயே போக வேண்டும். ஒருமுறை நான் அவளுடைய முகத்தைப் பார்த்தேன்.

"என்னைப் பாக்க வேண்டாம். றோட்டைப் பாருங்கோ."

மானிப்பாய் தாண்டி ஒரு சென்றி, ஆமியின் சோதனைச் சாவடி. அந்தக் காலத்தில் அவ்விடத்தில் வாகனத்தில் வருகிற எல்லாரும் இறங்கி நடந்து போய் அந்தப் பக்கம் ஏற வேண்டும். ஆமிக்காரன் கையைக் காட்டினான். நான் பிரேக்கை மிதித்தேன், கிளச்சை மறந்தேன். கார் குலுங்கி நின்றது. திறப்பைத் திருப்பினால் எஞ்சின் கிர்ரென்கிறது, பிடிக்கவில்லை. திரும்பத் திரும்பத் திருப்பினேன். பற்றறியும் போய்விட்டது.

ஆமிக்காரன் இறங்கச் சொல்லிச் சைகை காட்டினான். மனோ அசையவில்லை. அவன் யன்னலுக்குள் குனிந்து பார்த்தான். இளம் பொடியன், எங்கள் கந்தோரில் கடிதம் கொண்டுபோகிற பொடியனின் வயதுதான் இருக்கும். அவளுடைய வயிற்றைப் பார்த்தான், முகத்தைப் பார்த்தான். பிறகு சிங்களத்தில் எதையோ கூப்பிட்டுச் சொன்னான். காவலரணுக்குள் இருந்து இன்னொருவன் வந்தான். எனக்கு முதலில் வந்தது பயம்தான். அதை மறைப்பதில் அர்த்தமில்லை. ஆனால் அவர்கள் குறுக்கே கிடந்த தகரப் பீப்பாவை உருட்டிவிட்டு, துவக்குகளை முதுகுக்குத் தள்ளிக்கொண்டு, காரின் பின்பக்கம் போய் நின்றார்கள். தள்ளப் போகிறார்கள்.

தள்ளி எஞ்சினைப் பிடிக்கவைப்பது ஒரு தனிக் கலை. இரண்டாம் கியரில் போட்டு, கிளச்சை மிதித்தபடி இருந்து, கார் உருண்டு வேகம் எடுத்தவுடன் காலை விட வேண்டும். முந்தி விட்டாலும் பிந்தி விட்டாலும் ஒன்றும் நடக்காது. எனக்குச் சாதாரணமாகவே விட வராது. மனோ இரண்டாம் கியரைப் போட்டாள். கார் உருண்டது. பின்னால் சப்பாத்துக்கால் ஓடுகிற சத்தம் கேட்டது. நான் அவளுடைய சொல்லுக்குக் காத்திருந்தேன். அவள் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். குத்து வந்துவிட்டது. அவளால் சொல்ல முடியாது என்று விளங்கிய அந்தக் கணத்தில் நானாகவே காலை எடுத்தேன்.

எஞ்சின் பிடித்தது. இன்னும் கொஞ்சத் தூரம் போன பிறகுதான் அவள் கண்ணைத் திறந்தாள்.

"விட்டிட்டீங்களே?"

"ஓம்."

"நிப்பாட்டிப் போடாதேங்கோ."

நான் நிற்பாட்டவில்லை. தள்ளியவர்களுக்கு நன்றிகூடச் சொல்லவில்லை. ஆனைக்கோட்டை தாண்டி, ஆஸ்பத்திரி வாசலில் நின்றிருந்த சைக்கிள் ஒன்றைச் சரித்துவிட்டுத்தான் கார் நின்றது. பின்னேரம் மகள் பிறந்தாள். சுகமாகத்தான் பிறந்தாள். எனக்கு லைசென்ஸ் இருந்ததா என்று நீங்கள் கேட்கக்கூடாது.

அதற்குப் பிறகு, பிள்ளை இடது கையில் இருக்க வலது கையால் அவள் கியர் போட, நாங்கள் யாழ்ப்பாணம் முழுக்கத் திரிந்தோம். பிள்ளை வளர்ந்து பின் இருக்கைக்குப் போன பிறகும் இந்த ஏற்பாடு மாறவில்லை. நேரம் போகப்போக 'கிளச்', 'ஓம்' என்ற சொற்களும் தேவைப்படவில்லை. என் முழங்கால் அசைவதைப் பார்த்தே அவளுடைய கை போகும். இதில் உள்ள கரைச்சல், கோபம் வந்தால் கார் ஓடாது. ஒருமுறை கீரிமலைக்குப் போகும் வழியில் ஏதோ சொல்லிச் சண்டை. அவள் கையைக் கட்டிக்கொண்டு இருந்துவிட்டாள். போகும் வழி முழுக்க இரண்டாம் கியரில் கத்திக்கொண்டே போனோம். கேணியில் குளித்துக்கொண்டிருந்தவர்கள் என்ன சத்தம் என்று ஏறி வந்து பார்த்தார்கள்.

லைசென்ஸ் எடுக்க ஒருமுறை போனேன். வேறு கார், பக்கத்தில் பரிசோதகர். கிளச்சை மிதித்துவிட்டுக் காத்திருந்தேன். அவரும் காத்திருந்தார். கார் அப்படியே உருண்டு போய் வேலியோரம் நின்றது. மறுபடி போகவில்லை.

ஐயா இறந்தபின் உதிரிப்பாகம் கிடைப்பது கஷ்டமாகிவிட்டது. பழைய கார்கள் சேர்க்கிற கொழும்புக்காரர் ஒருவர் கேட்டார், கொடுத்தோம். எடுத்துக்கொண்டு போக ஒரு சாரதி வந்தான். ஏறினான், இருந்தான், கையும் காலும் எங்கே போனது என்று தெரியாமல் படலையால் வெளியே எடுத்து, சந்தியில் திருப்பிக்கொண்டு போய்விட்டான். பக்கத்து இருக்கை வெறுமையாக இருந்தது.

"ஒருத்தனே எல்லாத்தையும் செய்யிறான்," என்றாள் மனோ. பிறகு உலை வைக்க உள்ளே போனாள்.

கார் நின்ற இடத்தில் இப்போது தண்ணீர்த்தாங்கி. பழகிய வயலில் வீடுகள் வந்துவிட்டன. சென்றி இருந்த இடத்தில் கைத்தொலைபேசி திருத்துகிற கடை. மனோ கியர் இல்லாத ஒரு ஸ்கூட்டரில் பள்ளிக்கூடத்துக்குப் படிப்பிக்கப் போகிறாள். காலமை இரண்டு பேரும் ஒன்றாகத்தான் வெளிக்கிடுவோம். கோயிலடி வரைக்கும் அவள் மெதுவாக என் சைக்கிளுக்குப் பக்கத்தில் வருவாள். பிறகு நேரம் போகுது என்று சொல்லிவிட்டு முந்திக்கொண்டு போய்விடுவாள்.