சாம்பல் நிறச் சேற்றில் ஒன்பது ஓடுகள்

ஒரே மாதத்தில் இரண்டாவது தடவை அக்கரப்பத்தனைக்குப் போனதற்குக் காரணம் என் சோம்பல்தான். முதல் தடவை பழைய ஏரியின் சாம்பல் நிறச் சேற்றில் மாதிரி எடுத்தபோது, குழாயைப் பக்கத்து ஓடையிலேயே கழுவிவிட்டேன். அந்தச் சேற்றில்தான் நடுக்கோடு கொக்கியாக வளைந்த, எந்தப் புத்தகத்திலும் இல்லாத ஒரு டயட்டம் கிடைத்தது. டயட்டம் என்பது கண்ணாடி ஓட்டுக்குள் வாழும் நுண்பாசி. பாசி செத்தாலும் ஓடு ஆயிரக்கணக்கான வருடங்கள் சேற்றில் கிடக்கும். "ஒற்றை ஓடு, அதுவும் ஓடையில் கழுவிய குழாய். இப்போது வாழும் பாசி ஒட்டிக்கொண்டிருந்தால்?" என்று பேராசிரியர் கேட்டார். மறுபடி பையைக் கட்டினேன்.

பெப்ரவரி இரண்டாம் சனிக்கிழமை காலை 6.40க்கு ஹட்டனில் பஸ் ஏறினேன். கட்டணம் 180 ரூபாய். தலவாக்கலை வழியாகப் போய்ச் சேர ஒன்பது மணி. அங்கிருந்து ஏரி இருந்த தேயிலைத் தோட்டத்துக்கு ஆறு கிலோமீட்டர், ஆட்டோவுக்கு 700 ரூபாய். "சேறு அள்ளவா மிஸ் இவ்ளோ தூரம் வந்தீங்க?" என்று டிரைவர் வழி நெடுகச் சிரித்தார். சிரிக்கட்டும்.

ஏரி இருந்த இடம் இப்போது இரண்டு தேயிலை மலைகளுக்கு நடுவே ஒரு சதுப்பு. தோட்டத்தில் கான், அதாவது வடிகால் வெட்டும் செல்வராஜ் அண்ணனை நிர்வாகம் உதவிக்கு அனுப்பியிருந்தது. அவர் வெட்டிய குழியில் ஒன்றரை மீட்டர் ஆழத்தில் அந்தச் சாம்பல் நிறப் படை தெரிந்தது. நான் கத்தியை எடுப்பதற்குள், மண்வெட்டியின் முதுகால் சுவரை மேலிருந்து கீழாக வழவழவென்று தேய்த்துவிட்டார். மேல் சேறு இழுபட்டு எல்லாப் படையும் கலந்துவிட்டது.

"அண்ணே, போச்சு."

"கான் வெட்டுனா தேச்சு விடணும்ல மிஸ். இல்லாட்டி கண்டாக்கையா ஏசுவாரு." கண்டாக்கையா என்றால் தோட்ட வேலைகளை மேற்பார்க்கும் அதிகாரி.

கலந்தால் எந்த ஓடு எந்தக் காலத்தது என்று தெரியாது என்றேன். "அவ்ளோதானா? உள்ளுக்கு ஒரு அடி வெட்டிருவோம்" என்று இறங்கிவிட்டார். இந்தத் தடவை நான் சுத்தமான கத்தியால் குறுக்காகச் சுரண்டினேன்.

மணி 1.20. சின்ன மைக்ரோஸ்கோப்பைப் பாறையில் வைத்து அதன் கண்ணாடியில் வெயிலைப் பிடித்தேன். முதல் ஸ்லைடிலேயே ஒன்று, நடுவில் கொக்கியாக வளைந்த அதே கோடு! பிறகு மூன்று, ஆறு, ஒன்பது. ஓடைத் தண்ணீரில் நான்கு ஸ்லைடு பார்த்தேன், ஒன்றுகூட இல்லை. சந்தோஷத்தில் அழுதேவிட்டேன்.

போகிறவர்கள் தோட்ட நிர்வாகத்திடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். மூன்று மணிக்கு மேல் மூட்டம் இறங்கிவிடும். அட்டைக்கு உப்பு வேண்டும். காய்ச்சி வடித்த தண்ணீர் இரண்டு லீட்டர் கொண்டு போங்கள்; ஓடை எவ்வளவு தெளிவாக இருந்தாலும் அதில் எதையும் கழுவாதீர்கள்.

கிளம்பும்முன் செல்வராஜ் அண்ணனும் பார்த்தார். வெகுநேரம் கண்ணை எடுக்கவில்லை.

"இதுக்குப் பேரு வைப்பீங்களா?"

"இன்னும் ஒப்பிட்டுப் பாக்கணும் அண்ணே. புதுசுதான்னு உறுதியானா, கெடச்ச எடத்தோட பேர வைக்கலாம்" என்று பெயர்ப்பலகையில் பார்த்த தோட்டத்தின் இங்கிலீஷ் பெயரைச் சொன்னேன்.

"அது தொர வச்ச பேரு. நாங்க இத சேத்துமலைன்னுதான் சொல்லுவோம். எங்க பாட்டன் காலத்துல இருந்து அப்டித்தான். ஆனா ஒரு கடுதாசியிலயும் இருக்காது."

பென்சிலை எடுத்து, ஸ்லைடின் சொரசொரப்பான ஓரத்தில் அவர் பார்க்கும்படி எழுதினேன்: சேத்துமலை.