தாமரை செதுக்கிய இரண்டு தூண்கள்

நான்கு ஆண்டுகளுக்கு முன், ஒரு தை மாத ஞாயிற்றுக்கிழமை. கோபிசெட்டிபாளையத்தின் பழைய தெரு ஒன்றில் ஒரு கல்வீட்டை அளந்துகொண்டிருந்தேன். பழைய கட்டடங்களின் காலத்தைக் குறித்து வைப்பது என் பொழுதுபோக்கு. அறுநூறு வருஷத்து வீடு என்று வீட்டுக்காரர்கள் நம்பினார்கள். கற்பலகைகள் பாவிய கூரைக்கும் தடித்த சுவர்களுக்கும் அவ்வளவு வயது இல்லை. ஆனால் கூடத்து நான்கு தூண்களில் இரண்டு மட்டும் வேறு கல், மிகப் பழையவை. தாமரை செதுக்கியிருந்தது. உயரம் போதாமல் அடியில் செங்கல் வைத்து ஏற்றியிருந்தார்கள்.

மதியம் வரவேண்டிய மாப்பிள்ளை வீட்டார் காலையிலேயே வந்துவிட்டார்கள். அந்த வீட்டு ஒரே மகளுக்கு வந்த வரன். பொருத்தமெல்லாம் பார்த்தாகிவிட்டது; வீடு பார்ப்பதுதான் பாக்கி. நான் டேப்பைச் சுருட்டிக்கொண்டு ஒதுங்கினேன்.

மாப்பிள்ளையின் பெரியப்பா தூணையே பார்த்தார். "ஏனுங்க, இது கோயல் கல்லாட்ட இருக்குதே?"

 கோயில் கல்லை வைத்துக் கட்டிய வீட்டில் பெண் எடுக்கப் பலர் தயங்குவார்கள். பெண்ணின் அம்மா காப்பித் தட்டோடு அப்படியே நின்றார். பெண்ணின் அப்பா என்னைக் காட்டி, "கல்லப் பத்தி எழுதறவருங்க. இவரையே கேட்டுப்போடுங்க" என்றார்.

இல்லை என்று ஒரு சொல் சொன்னால் போதும். ஆனால் எனக்குத் தெரிந்தது அது அல்ல. "வேற கட்டடத்துல இருந்து கொண்டாந்ததுங்க. கோயலா, சத்திரமான்னு சொல்ல ஆதாரம் இல்லீங்க" என்றேன்.

பெரியப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். மாப்பிள்ளையின் அம்மா எழவில்லை.

"உக்காருங்க மாமா. நம்மூட்டு வாசப்படிக் கல்லு எங்கிருந்து வந்துச்சுங்க? இடிஞ்சு கெடந்த மண்டபத்துல இருந்து மாட்டுவண்டீல ஏத்திட்டு வந்தது நீங்கதானுங்களே! அதத் தாண்டித்தான் நானே வாக்கப்பட்டு வந்தனுங்க."

"அது வேற, அம்மணி..." என்று பெரியப்பா இழுத்தார்.

"என்னங்க வேற? நம்மூட்டுல கெடந்தா கல்லு, அவிங்கூட்டுல நின்னா கோயலுங்களா?"

முதலில் சிரித்தது பெரியப்பாதான். உட்கார்ந்து காப்பியை எடுத்துக்கொண்டார். அன்றே வைகாசியில் கல்யாணம் என்று பேசி முடித்தார்கள்.

நான் கிளம்பும்போது பெண்ணின் அம்மா வாசல்வரை வந்தார். "இல்லீங்கன்னு சொல்லியிருந்தா உங்குளுக்கு என்னங்க கொறஞ்சு போயிருக்கும்?" என்றார். குரலில் கோபமில்லை. கும்பிட்டுவிட்டுப் படியிறங்கினேன்.

அந்தத் தூண்களைப் பற்றி இன்று கேட்டாலும் அன்று சொன்னதையேதான் சொல்வேன். ஆனால் என் பதிலால் அன்று நின்றுபோக இருந்தது உள்ளறையில் சேலை கட்டிக் காத்திருந்த ஒரு பெண்ணின் கல்யாணம் என்பதை, எந்தப் பழைய வீட்டுக்குள் நுழையும்போதும் நினைத்துக்கொள்கிறேன்.