மண்டோர் – 12 பேர்

எண்பதுகளின் கடைசியில் ரவாங்கில், களைக்கொல்லி விற்கும் ஒரு கம்பெனியின் மார்க்கெட்டிங் பிரிவில் டைப்பிஸ்டாக இருந்தேன். செம்பனைத் தோட்டங்களில் மருந்தடித்துக் காட்டி, வந்தவர்களுக்கு மத்தியானச் சாப்பாடு போடுவதுதான் எங்கள் பிரிவின் பெரிய வேலை. ஒவ்வொரு தடவையும் ஒருவருக்கு இரண்டு அழைப்பிதழ் போகும், இன்னொருவருக்குப் போகவே போகாது. இதைச் சரிசெய்யக் கம்ப்யூட்டர் புரோகிராம் வாங்குவது என்று முடிவானது. இரண்டு கம்பெனிகள் வந்து காட்டின. எது நல்லது என்று பார்த்து எழுதிக் கொடுக்கும் வேலை என் தலையில் விழுந்தது.

முதலாவது, எல்லாரையும் ஒரே பட்டியலில் போட்டது. பெயர், தோட்டம், வருவாரா மாட்டாரா, அவ்வளவுதான். இரண்டாவதில் ஆட்களை ஏ, பி, சி என்று பிரிக்கலாம். துரைமார் ஏ, கணக்கெழுதும் கிராணிமார் பி, கூலியாட்களை வேலை வாங்கும் மண்டோர்கள் சி. ஏ, பி இரண்டுக்கும் பெயர் அச்சடித்த அட்டை வரும். சி-க்கு அது பெயரே கேட்காது. எத்தனை பேர் என்று தட்டினால் போதும், அத்தனை சாப்பாட்டுப் பொட்டலம் என்று தாள் வந்து விழும்.

மேனேஜருக்குக் கண் விரிந்தது. "இதுதான்லா வேணும். யார எங்க உக்கார வைக்கணும்னு மெஷினே சொல்லிருது பாரு."

என் அப்பா அசாம் ஜாவா பக்கத்துத் தோட்டத்தில் மண்டோர். அதை நினைவில் வைத்துக்கொண்டேதான் எழுதினேன். இரண்டாவதில் டைப் செய்யும் வேலை பாதியாகக் குறையும் என்று எழுதிக் கொடுத்தேன். மேனேஜர் எல்லார் முன்னாலும் பாராட்டினார். அப்போது எனக்குப் பெருமையாக இருந்தது.

புரோகிராம் வந்தபின் நடந்த முதல் கூட்டம் அப்பாவின் தோட்டத்து கிளப்பில். மண்டோர்கள் லோரியில் வந்து இறங்கினார்கள். எங்கள் ஆட்கள் சி-க்கான சிவப்புத் தாளை ஆளுக்கொன்றாக அவர்கள் சட்டையில் ஒட்டினார்கள். அப்பா இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில், என்னைப் பார்த்துச் சிரித்தபடி படியேறி வந்தார். மேனேஜர் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. தாளைத்தான் பார்த்தார்.

"செவப்பெல்லாம் அந்தப் பக்கம்! பொட்டலம் லோரிகிட்ட இருக்கு."

அப்பா என்னைப் பார்த்தார். இவர் என் அப்பா என்று நான் சொல்லியிருக்கலாம். மேசைமேல் இருந்த பட்டியலைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன். 'மண்டோர் – 12 பேர்.'

"சரிங்கய்யா," என்று சொல்லிவிட்டு அவர் இறங்கிப் போனார்.

கொஞ்ச நேரம் கழித்து லோரிப் பக்கம் போனேன். வெயிலில் கிடந்த பொட்டலங்கள் வேர்த்திருந்தன. மீன் குழம்பு புளித்த வாடை அடித்தது. அப்பா நின்றபடியே சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"அப்பா, கெட்டுப்போச்சு. சாப்புடாதீங்க."

"பரவால்லம்மா. நீ இங்க நிக்காத. ஒங்க மேனேஜரு பாத்தா ஒரு மாதிரி நெனைப்பாரு. போ."

போய்விட்டேன்.

அடுத்த வாரம் புரோகிராம் விற்றவர்கள் ஒரு பாராட்டுக் கடிதம் கேட்டார்கள். என்னைத்தான் டைப் செய்யச் சொன்னார் மேனேஜர். "சி-க்கும் பேரு போடுற மாதிரி செஞ்சு தரச் சொல்லலாமா சார்?" என்று கேட்டேன்.

"பேரு எதுக்கு? தோட்டத்து ஆளுங்க இன்னிக்கி இருப்பானுங்க, நாளைக்கிப் போயிருவானுங்க லா."

அப்பா அந்தத் தோட்டத்தில் பிறந்தவர். அதையும் சொல்லாமல், 'பயன்படுத்த மிக எளிது' என்று டைப் செய்து, கையெழுத்துக்கு நீட்டினேன். அந்த வேலையில் இன்னும் நான்கு வருடம் இருந்தேன்.