மெடிக்குக்கு முதலுதவிப் பாடம்

பே ஏரியாவில் ஒரு கம்யூனிட்டி காலேஜில், அமெரிக்க ராணுவத்திலிருந்து படிக்க வருகிறவர்களுக்கான டெஸ்கில் பதினோரு வருடம் இருந்தேன். அவர்களுக்கு அரசாங்கம் முப்பத்தாறு மாதப் படிப்புச் செலவு தருகிறது. யார் எந்த வகுப்பில் சேர்ந்திருக்கிறார்கள் என்று அரசாங்கத்துக்கு கம்ப்யூட்டரில் சர்டிஃபை பண்ணுவது என் வேலை. வகுப்பு முடிந்ததும் அந்த மாதங்கள் கழிந்துவிடும். பாடம் உதவாமல் போனாலும் திரும்பி வராது.

நான் சேர்ந்த முதல் செமஸ்டரிலேயே திவ்யா வந்தாள். பக்கத்து ஊர் லிவர்மோரில் வளர்ந்த பெண், ராணுவத்தில் நாலு வருடம் மெடிக். குண்டடிபட்டவர்களிடம் முதல் ஆளாக ஓடி ரத்தத்தை நிறுத்துகிற வேலை. நர்சிங் முடிக்க மாதக் கணக்குச் சரியாக இருந்தது, ஒன்றுகூட உபரி இல்லை. எங்கள் ஆபீஸ் அவளுடைய ராணுவப் பயிற்சிக்கு கிரெடிட் கிடையாது, அதைப் படித்த பாடமாகக் கணக்கில் எடுக்க முடியாது என்றது. முதலுதவி உட்பட ஆரம்ப வகுப்புகளில் ஒரு முழு செமஸ்டர் உட்கார வேண்டுமாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

என் சூப்பர்வைசர் மூர்த்தியும் தமிழர்தான். அவரிடம் போய்க் கேட்டேன்.

"கோர்ஸ் டைட்டில் மேட்ச் ஆகல மேடம். நாம எதுக்கு ரிஸ்க் எடுக்கணும்? ஒரு செமஸ்டர்தானே, உக்காந்துட்டுப் போகட்டும்."

ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்பது இதுதான். ஆனால் நான் வேலைக்குப் புதுசு. திவ்யாவிடம், "அட்ஜஸ்ட் பண்ணிக்கோம்மா" என்று சொல்லிவிட்டு சப்மிட் அழுத்தினேன்.

செமஸ்டர் முடிகிற வாரம் திவ்யா என் டெஸ்க் முன்னால் நின்றாள்.

"ஆண்ட்டி, டுடே ஐ டாட் தி கிளாஸ்."

ரத்தப்போக்கை நிறுத்தக் கட்டுப் போடுவது எப்படி என்று, வாத்தியாரே அவளைப் பாடம் நடத்தச் சொல்லியிருக்கிறார். அவள் சிரிக்கவில்லை.

"பட் நோ கிரெடிட், ரைட்?"

அன்றைக்கே அவளுடைய ராணுவப் பயிற்சி டிரான்ஸ்கிரிப்டை எடுத்துக்கொண்டு டீனிடம் போனேன். பத்து நிமிடம் படித்தார், இனி இந்தப் பயிற்சிக்கு கிரெடிட் உண்டு என்று கையெழுத்துப் போட்டார். வெறும் பத்து நிமிடம்.

"நல்லதாப் போச்சு மேடம், இனிமே வர்றவங்களுக்குப் பிராப்ளம் இல்ல" என்றார் மூர்த்தி.

திவ்யாவுக்குக் கடைசி செமஸ்டரில் மாதங்கள் தீர்ந்தன. படிப்பை நிறுத்தி ஒரு வருடம் கிளினிக்கில் ரிசப்ஷனில் உட்கார்ந்தாள், பிறகுதான் நர்ஸ் ஆனாள்.

மூர்த்தி மேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை. ஆனால் டீன் ரூம் திவ்யா வந்த முதல் நாளும் அதே மாடியில்தான் இருந்தது. இந்த வேலைக்கு வருகிறவர்கள் அங்கே போய்விட்டு வந்து பட்டனை அழுத்துங்கள். நான் அழுத்திவிட்டுப் போனேன்.