சரியாகிவிட்ட ஃபிரிட்ஜ்

முருகம்மாள் ஃபிரிட்ஜ் வாங்கியது ஐஸ் தண்ணீர் குடிக்க அல்ல. புருஷன் சங்கிலிமுத்துவுக்குச் சர்க்கரை. அவனுடைய இன்சுலினைக் குளிரில் வைக்க வேண்டும் என்றார் டாக்டர். மாமியார் காலத்தில் அவர்கள் வயல்காட்டில் கூலி வேலைக்குப் போன பழக்கத்தில், முதலில் எம். புதுப்பட்டியில் ராமுத்தாய் வீட்டில்தான் இடம் கேட்டாள். ராமுத்தாய் முடியாது என்று சொல்லவில்லை. மற்ற சாமான்களில் படாமல், தனி டப்பாவில் போட்டு அடித்தட்டில் வைத்தார். முருகம்மாள் தினமும் கொல்லைப்பக்கம் போய் நின்று, "அம்மா" என்று கூப்பிட வேண்டும். கூப்பிட்டதும் யாரும் ஓடி வந்துவிட மாட்டார்கள்.

"ஓசியில வச்சிருக்கோம், செத்த நேரம் நின்னா என்ன?" என்பான் சங்கிலிமுத்து. நிற்பவள் அவளல்லவா, அவனுக்கென்ன!

அதனால்தான் ஆன்லைனில் ஃபிரிட்ஜ் வாங்கினாள். பொங்கலுக்கு வந்தது, சித்திரை வெயிலில் படுத்துவிட்டது. லைட் மட்டும் ஜோராக எரிந்தது. வாரண்டி இருக்கிறதே என்று புகார் கொடுத்துவிட்டு, இன்சுலினை மறுபடி ராமுத்தாய் வீட்டுக்குக் கொண்டுபோனாள்.

மெக்கானிக் பகலில் போன் செய்வாராம். புருஷன் பெண்டாட்டி இரண்டு பேருக்குமே பட்டாசு ஆலையில் வேலை. வெடிமருந்து இருக்கும் இடத்துக்குள் செல்போன் போகக் கூடாது. அதில் யாரும் விளையாட மாட்டார்கள். கேட்டில் வாட்ச்மேன் சின்னச்சாமியிடம் கொடுத்துவிட்டுப் போய், மாலையில் வாங்கிக்கொள்ள வேண்டும். ஞாயிற்றுக்கிழமை ஆலைக்கு லீவு. மெக்கானிக்குக்கும் அன்றைக்குத்தான் லீவு.

மாலையில் போனை வாங்கினால் செய்தி காத்திருக்கும்: 'உங்களைத் தொடர்புகொள்ள முடியவில்லை. புகார் முடித்துவைக்கப்பட்டது.' கஸ்டமர் கேருக்கு அடித்தாள். "உங்கள் சிரமம் எங்களுக்குப் புரிகிறது" என்றது ஒரு தேன் குரல். அது மிஷின் என்று தெரியாமல் முருகம்மாள் அதனிடம் வீட்டுக் கதையெல்லாம் சொல்லிவிட்டாள். ஒருநாள் லீவு போட்டுப் போனும் கையுமாக உட்கார்ந்திருந்தாள். அன்றைக்குப் போன் வரவில்லை.

கடைசியில் சின்னச்சாமியைப் பிடித்தாள். "அண்ணே, மெக்கானிக் கூப்பிட்டா நீங்க எடுத்துப் பேசுங்க. என்ன கேட்டாலும் சொல்லிருங்க. ஆளு வந்தாப் போதும்."

"நான் பாத்துக்கிறேன் தாயி, நீ போ."

சொன்னபடி பார்த்துக்கொண்டார். போன் வந்தது. "ஒரு நம்பர் வந்திருக்கும், சொல்லுங்க சார்" என்றான் மெக்கானிக். சின்னச்சாமி கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டி, திரையில் வந்த எண்ணை ஒவ்வொன்றாகச் சொல்லி, சந்தேகத்துக்கு இன்னொரு தடவையும் சொன்னார். வேலை முடிந்தது, திருப்தி என்று வாடிக்கையாளர் கொடுக்க வேண்டிய எண் அது. அடுத்த நிமிடமே செய்தி வந்தது: 'உங்கள் ஃபிரிட்ஜ் சரிசெய்யப்பட்டது.'

பூட்டிய வீட்டுக்குள் யார் போய்ச் சரிசெய்தார்கள் என்று சின்னச்சாமி குழம்பவில்லை. "எல்லாம் கம்ப்யூட்டர் வழியாவே பண்ணிட்டான்லே! நாம பேசுற மாதிரிப் பேசணும்" என்று டீக்கடையில் சொன்னார். ஊருக்கே தெரிந்துவிட்டது.

முருகம்மாள் வீட்டுக்கு ஓடிப்போய் ஃபிரிட்ஜ் கதவைத் திறந்தாள். உள்ளே அடுப்படிச் சூடு. கஸ்டமர் கேரில் இந்த முறை மனுஷியே பேசினாள். "நீங்கதானே மேடம் கன்ஃபார்ம் பண்ணியிருக்கீங்க? புதுசா புகார் குடுங்க. மெக்கானிக் நாளைக்குப் பகல்ல கூப்பிடுவார்."

ஊசி மருந்து எடுக்க ராமுத்தாய் வீட்டுக்குப் போனாள். இன்றைக்குக் கூப்பிடவே வேண்டியிருக்கவில்லை. டப்பா கொல்லை வாசலிலேயே தயாராக இருந்தது.

"ஏ முருகம்மா, ஒன் ஃபிரிட்ஜு சரியாப்போச்சாமே, சின்னச்சாமி சொன்னான். இந்தா, இனி இது எதுக்கு இங்கன?"

இன்னும் சரியாகவில்லையம்மா என்று ஒரு வார்த்தை சொன்னால் டப்பா திரும்ப உள்ளே போய்விடும். முருகம்மாள் வாயைத் திறந்தாள்.

"ஆமாம்மா. கை வைக்க முடியல, அம்புட்டுக் குளிரு."

அதைச் சொன்னபோது அவளுக்கு வெட்கமாக இல்லை. நெஞ்சு நிறைந்து போயிற்று.

வீட்டுக்கு வந்து மண்பானையில் தண்ணீர் ஊற்றி, டப்பாவை அதற்குள் இறக்கி, ஈரத் துணியால் மூடினாள்.

"மருந்து தாங்குமா?" என்றான் சங்கிலிமுத்து.

"தாங்காட்டி வேற வாங்குவோம். அங்கன போயி இனி நிக்க மாட்டேன்."

ராமுத்தாய் வீட்டிலிருந்து யாராவது வந்தால் கண்ணில் படக் கூடாதென்று, பானையை நகர்த்தி ஃபிரிட்ஜுக்குப் பின்னால் வைத்தாள்.