குழாயடிக்குப் போகும் கயிறு

தாராவியில் தோல் பதனிடுவோரின் பிள்ளைகள் படிக்கும் தமிழ்ப் பள்ளியில் நான் ஆசிரியை. என் வகுப்பிலுள்ள எட்டு வயது செல்லம்மாளுக்குப் பார்வை கிடையாது. யார் துணையுமின்றி அவள் தண்ணீர் குடித்து வருவதற்காக, வகுப்பு வாசலிலிருந்து குழாயடி வரை ஒரு கயிறு கட்டிக் கொடுத்திருந்தேன்.

சென்ற சரஸ்வதி பூஜைக்கு முதல் நாள், தோரணம் கட்டக் கயிறு கிடைக்கவில்லை. குழாயடி முனையை அவிழ்த்துத் தெருவாசல் தூணில் கட்டிவிட்டு, மாவிலை எடுக்க உள்ளே போனேன். யுத்தம் வந்ததிலிருந்து எங்கள் தெருவில் பட்டாள லாரிகள் ஓயாமல் ஓடுகின்றன.

திரும்பி வந்தபோது கயிறு ஆடிக்கொண்டிருந்தது. அதே சமயம் வெளியே ஒரு லாரி கிறீச்சிட்டு நின்றது. ஓடிப் பார்த்தால், லாரிச் சக்கரத்துக்கு ஒரு முழம் முன்னால் நின்றுகொண்டு செல்லம்மாள் காற்றில் கையால் துழாவிக்கொண்டிருந்தாள்.

"ஏண்டி தெருவுக்கு வந்தே?" என்று கத்தினேன்.

"நீங்க கட்டுன கயித்தப் புடிச்சுதான டீச்சர் வந்தேன். கொழாயத்தான் காணல" என்றாள்.

இப்போதெல்லாம் வகுப்பில் ஒரு பெஞ்சை நகர்த்தினாலும் முதலில் அவள் கையைப் பிடித்துத் தொட்டுக் காட்டிவிடுகிறேன். கயிறு பழையபடி குழாயடியில்தான் இருக்கிறது. ஆனாலும் அது அசையும்போதெல்லாம் எழுந்து போய், மறுமுனை எங்கே இருக்கிறதென்று பார்த்துவிட்டுத்தான் உட்காருகிறேன்.