தேத்தண்ணீர் மேல் விழுந்த பழி

மரவள்ளிக் கிழங்கு பிடுங்கிய இரண்டு மூன்று நாளில் உள்ளே நீலக்கோடு விழுந்து பழுதாகிவிடும். மாவாக்கினால் மாதக்கணக்கில் இருக்கும் என்றார்கள். அதைப் பார்க்கத்தான் மாசி மாதத்தில் அச்சுவேலிக்குப் போனேன். யாழ்ப்பாணத்திலிருந்து பஸ்ஸில் முக்கால் மணி நேரம். சந்தையடியிலிருந்து மரவள்ளி மா ஆலைக்கு இரண்டு கிலோமீற்றர், ஓட்டோவுக்கு முந்நூறு ரூபா.

ஓட்டோக்காரர் வழியில் ஓர் எச்சரிக்கை தந்தார். "அங்கை கிழங்கு அவிச்சுத் தந்தால் சாப்பிடுங்கோ ஐயா. இஞ்சித் தேத்தண்ணி மட்டும் குடிச்சுப்போடாதேங்கோ." மரவள்ளியோடு இஞ்சி சேர்ந்தால் நஞ்சு என்பது இங்கே எல்லோரும் சொல்வது. போன வருடம் அந்த ஆலையில் வேலை செய்த ஒருவர் அப்படிச் செத்தாராம். தேத்தண்ணீர் கொடுத்தது மனைவி தவமணி. இப்போது அதே ஆலையில் கிழங்கு சீவுகிறார்.

ஆலை முற்றத்தில் இரண்டு குவியல்கள் கிடந்தன. ஒன்றைத் தோல் உரித்து, சீவி, தொட்டியில் ஊறவைத்து, வெயிலில் காயவிட்டுச் சாப்பாட்டு மாவாக அரைக்கிறார்கள். மற்றது கசப்பு இனம். துருவிக் கழுவி மாப்பால் எடுத்து, அட்டைப்பெட்டி ஒட்டும் பசைக்கு அனுப்புகிறார்கள். பார்வைக்கு வித்தியாசமே தெரியவில்லை. பெயர்ப்பலகையும் இல்லை.

கிழங்கு சீவிக்கொண்டிருந்த தவமணியிடம் கணவரைப் பற்றிக் கேட்கத் தயக்கமாக இருந்தது. அவரே கதைத்தார். அன்று கணவர் முற்றத்திலிருந்து கிழங்கு கொண்டுவந்தாராம். விறகு மிச்சம் பிடிக்கத் தவமணி மூடி போட்டு அவித்தாராம். தவமணிக்கு அன்று விரதம், சாப்பிடவில்லை.

"கசப்பாய்க் கைக்குது எண்டவர். உப்பைக் கூட்டிச் சாப்பிட்டவர். கொஞ்ச நேரத்தாலை தலை சுத்துது, வயித்தைப் பிரட்டுது எண்டார். அதுக்குத்தான் இஞ்சி போட்டுக் குடுத்தனான்."

எந்தக் குவியல் என்று கேட்டேன். கத்தியால் பசைக் குவியலைக் காட்டினார். நஞ்சு அந்தக் கசப்புக் கிழங்கிலேயே உண்டு, மூடி போட்டு அவித்தால் அது ஆவியோடு வெளியேறாது.

தலை சுற்றியது தேத்தண்ணீருக்கு முன்னமா என்று மறுபடி கேட்டேன். "ஓம், முன்னம்தான்" என்றவர் சீவுவதை நிறுத்தினார். முதலாளி எங்கள் பக்கம் வந்தார். "உதை ஏன் கிளறுறியள் ஐயா? இஞ்சி எண்டு ஊருக்கே தெரியும்." பசைக் கிழங்கு வீட்டுக்குப் போனது தெரிந்தால் அவரது சாப்பாட்டு மாவை யாரும் வாங்கமாட்டார்கள்.

தவமணி அவரைப் பார்க்கவில்லை. "அவரின்ரை அம்மா, மாமி, என்னை வாசலுக்கும் எடுக்கிறேல்லை. உதை அவவுக்கு ஆர் சொல்லுறது?" என்றார். முதலாளி உள்ளே போய் அரைக்கும் இயந்திரத்தைப் போட்டார். அந்த இரைச்சலில் எங்கள் பேச்சு முடிந்தது.

திரும்பும்போது ஓட்டோக்காரரிடம் நடந்ததை வரிசையாகச் சொன்னேன். சந்தையடியில் ஓட்டோவை நிறுத்தினார். காசை வாங்கிக்கொண்டு, "எண்டாலும் இஞ்சி குடுத்திருக்கக் கூடாது" என்றார்.

போகிறவர்களுக்கு: காலையிலேயே போங்கள். மழைக்காலத்தில் போகாதீர்கள், காயவிட முடியாததால் முற்றம் வெறுமையாக இருக்கும். கிழங்கு வாங்கினால் எந்த இனம் என்று கேளுங்கள். தோலை முழுதாக உரித்து, துண்டாக்கி ஊறவைத்து, மூடாமல் அவித்து, தண்ணீரை ஊற்றிவிடுங்கள். இஞ்சியை விலக்கியதால் கசப்புக் கிழங்கு நல்லதாகிவிடாது. கசந்தால் உப்பைக் கூட்டாதீர்கள். கொட்டிவிடுங்கள்.